துணியில் ஒட்டும் வாசனை சாக்கடைக்குப் போன பிறகு

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இன் கடைசியில் நகர்ப்புறக் கழிவுநீருக்கு ஒரு புதிய சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு பிரிவு பலரைக் குழப்பியது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போதிருக்கும் கட்டங்களோடு இன்னொரு கட்டத்தையும் சேர்க்க வேண்டும். அந்தச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்துக் கம்பெனிகளும் அழகுசாதனக் கம்பெனிகளும் ஏற்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. மருந்து என்றால் புரிகிறது. மாத்திரை உடலுக்குள் போய்ச் சிறுநீரில் வெளியே வருகிறது. ஷாம்புவும் சென்ட்டும் செய்பவர்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? வாசனைப் பொருட்களில் 80, 90 சதவீதத்தைச் சாதாரண சுத்திகரிப்பு நிலையமே அகற்றிவிடுகிறது என்றுதானே ஆய்வுகள் சொல்கின்றன?

அந்த 90 சதவீதத்துக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. சில வாசனைப் பொருட்களை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடுகின்றன. வேறு சில அழிவதே இல்லை, தண்ணீரிலிருந்து கசடுக்கு, அதாவது நிலையத்தில் படியும் சேற்றுக்கு, இடம் மாறுகின்றன. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதுவதுதான் குழப்பத்தின் வேர். அதைப் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரு வாசனைக்குள் எத்தனை பொருள்

சோப்புத்தூள் பாக்கெட்டில் 'பெர்ஃப்யூம்' என்று ஒற்றைச் சொல்தான் இருக்கும். உள்ளே பல வேதிப்பொருட்கள் கலந்திருக்கும். சில கலவைகளில் ஐம்பதைத் தாண்டும். அவற்றை மூன்றாகப் பிரிப்பது வாசனைத் தொழிலின் வழக்கம்.

1. பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுபவை. ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் இந்த வகை. சீக்கிரம் ஆவியாகிவிடும்.
2. நடுவில் நிற்பவை. மல்லிகை மணத்தில் இருக்கும் பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்றவற்றைச் சுற்றிக் கட்டும் பூ வாசங்கள்.
3. கடைசிவரை தங்குபவை. கஸ்தூரி, சந்தனம், மர வாசங்கள்.

நம் கதையின் நாயகன் மூன்றாம் வகை. துணியைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவில் அடுக்கி, ஒரு வாரம் கழித்து எடுத்தாலும் வாசம் வர வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்க்கிறார். அப்படியென்றால் அந்தப் பொருள் எளிதில் ஆவியாகக் கூடாது, அலசும் தண்ணீரோடு முழுக்கப் போய்விடக் கூடாது, நூலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கனமான, எண்ணெய்த்தன்மை கொண்ட, தண்ணீரை விரும்பாத மூலக்கூறுகளுக்குத்தான் இது சாத்தியம்.

தண்ணீரை ஒரு பொருள் எவ்வளவு வெறுக்கிறது என்று அளக்க ஒரு பழைய முறை உண்டு. ஆக்டனால் என்ற எண்ணெய் போன்ற திரவத்தையும் தண்ணீரையும் ஒரே குடுவையில் எடுத்து, பொருளைப் போட்டுக் குலுக்கி, எந்தப் பக்கம் எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பார்கள். லினலூல் தண்ணீரைவிட ஆக்டனாலில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு சேர்கிறது. துணிதுவைக்கும் பொருட்களில் உலகெங்கும் புழங்கும் செயற்கைக் கஸ்தூரியான கேலக்ஸோலைடு சுமார் 8 லட்சம் மடங்கு சேர்கிறது. துணியில் ஒட்டுவதற்காகத் தேர்ந்தெடுத்த குணம் இது. சாக்கடையிலும், கசட்டிலும், மீனின் கொழுப்பிலும் அதே குணம்தான் வேலை செய்கிறது.

துணியில் ஒட்டாமல் போனது அலசும் தண்ணீரோடே போய்விடுகிறது. ஒட்டியதிலும் மிச்சம் அடுத்த துவைப்பில் போகிறது. குளியலறையிலும் இதே கதைதான். ஆகவே கழிவுநீருக்குள் வாசனைப் பொருள் வருவது ஏதோ கசிவினாலோ விபத்தினாலோ அல்ல. அந்தப் பொருளின் சாதாரணப் பயன்பாடே சாக்கடையில்தான் முடிகிறது.

கஸ்தூரிமானிலிருந்து கேலக்ஸோலைடு வரை

கஸ்தூரி, புனுகு, ஜவ்வாது என்ற பெயர்கள் தமிழருக்குப் பழக்கம். கஸ்தூரி ஆண் கஸ்தூரிமானின் சுரப்பியிலிருந்தும் புனுகு புனுகுப்பூனையிடமிருந்தும் வருபவை. மானைக் கொன்று எடுத்ததால் இனமே அருகியது. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. விலையோ எட்டாத உயரம். செயற்கையாகச் செய்தே ஆக வேண்டிய நிலை.

1888-இல் ஆல்பர்ட் பவுர் என்ற வேதியியலாளர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது, டிஎன்டியின் உறவுக்கார மூலக்கூறு ஒன்று கஸ்தூரிபோல மணப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்தவை நைட்ரோ கஸ்தூரிகள்: மஸ்க் கீட்டோன், மஸ்க் சைலீன், மஸ்க் அம்பிரெட். மலிவானவை, வாசம் நிற்பவை. இயற்கைக் கஸ்தூரியோடு அமைப்பில் இவற்றுக்கு எந்த ஒற்றுமையும் இல்லை. இயற்கைக் கஸ்தூரியின் மஸ்கோனும் புனுகின் சிவெட்டோனும் பெரிய கார்பன் வளையங்கள் என்று 1926-இல் லியோபோல்ட் ருசிச்கா நிறுவினார். பிற்பாடு 1939-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த வளைய ஆராய்ச்சிக்கும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட வளையத்தைத் தொழிற்சாலையில் மூடுவது கடினம், செலவும் அதிகம். எனவே சந்தை மலிவான பக்கமே போனது.

1981-இல் ஜப்பானில் தாமா ஆற்று மீன்களில் மஸ்க் சைலீனும் மஸ்க் கீட்டோனும் இருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வாசனைப் பொருள் ஆற்றில் சேர்கிறது என்பதற்கு முதல் தெளிவான சாட்சி அது. 1990-களில் ஐரோப்பாவில் தாய்ப்பாலிலும் மனிதக் கொழுப்பிலும் இவை தென்பட்டன. மஸ்க் அம்பிரெட்டை அழகுசாதனங்களில் ஐரோப்பா தடைசெய்தது. மஸ்க் சைலீன் சூழலில் மிக நீண்ட காலம் நிலைத்து, உயிரினங்களில் மிக அதிகமாகச் சேரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டு, சிறப்பு அனுமதி இல்லாமல் 2014 ஆகஸ்டுக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தையில் வைக்க முடியாததாகிவிட்டது.

நைட்ரோ கஸ்தூரிகள் விட்ட இடத்தைப் பலவளையக் கஸ்தூரிகள் பிடித்தன. கேலக்ஸோலைடும் டோனலைடும் அவற்றில் முக்கியமானவை. முந்தியவற்றைவிடப் பாதுகாப்பானவை என்பது உண்மை. ஆனால் கழிவுநீரில் இவையும் சேர்கின்றன என்பது 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ரூர் ஆற்றிலேயே தெரிந்துவிட்டது.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது

ஒரு வழக்கமான நகரச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் கேலக்ஸோலைடைப் பின்தொடர்ந்து போவோம். உள்ளே வரும் கழிவுநீரில் அது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவில் இருக்கும். கணக்குக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதல் படிவுத் தொட்டி. சல்லடையும் மணல் பிடிக்கும் தொட்டியும் தாண்டி நீர் இங்கே சில மணி நேரம் அசையாமல் நிற்கிறது. கனமான திடப்பொருள் அடியில் உட்காரும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும். தண்ணீரை வெறுக்கும் கேலக்ஸோலைடு இந்தத் திடப்பொருள்மேல் போய் ஒட்டுகிறது. எவ்வளவு ஒட்டும்? 2004-இல் வெளியான ஜெர்மன் அளவீடு ஒன்றின்படி, முதல்நிலைக் கசட்டுக்கு ஒட்டுதல் கெழு கிலோவுக்குச் சுமார் 4,900 லிட்டர். அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறதோ அதைப்போல 4,900 மடங்கு ஒரு கிலோ உலர்ந்த கசட்டில் இருக்கும். கழிவுநீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் திடப்பொருள் இருந்தால், 0.0003-ஐ 4,900-ஆல் பெருக்கினால் 1.47. கரைந்திருப்பது 1 பங்கு, ஒட்டியிருப்பது 1.47 பங்கு. ஏறக்குறைய 60 சதவீதம் திடப்பொருளில் இருக்கிறது. அந்தத் திடப்பொருளில் 60 சதவீதம் அடியில் படிந்தால், கேலக்ஸோலைடில் 36 சதவீதம் இந்த முதல் தொட்டியிலேயே தண்ணீரை விட்டுப் போய்விடுகிறது. ஒரு மூலக்கூறுகூட இன்னும் உடையவில்லை.

2. ஏரேஷன் டேங்க். இங்கே காற்றை ஊதி, நுண்ணுயிரிகள் நிறைந்த சேற்றை நீரோடு கலக்குகிறார்கள். சேற்றின் அடர்த்தி லிட்டருக்கு 3 கிராம் அளவில் இருக்கும். இரண்டாம் நிலைக் கசட்டுக்குக் கெழு சற்றுக் குறைவு, சுமார் 1,800. பெருக்கினால் 5.4. அதாவது மிச்சமிருந்த கேலக்ஸோலைடில் 84 சதவீதம் எந்நேரமும் சேற்றின்மேல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தத் தொட்டியில்தான் கொஞ்சம் உண்மையான சிதைவும் நடக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

3. காற்றில் பறப்பது. ஊதும் காற்றோடு ஆவியாகிப் போகுமா? லிமோனீனுக்கு இது பெரிய வழி. கேலக்ஸோலைடு, டோனலைடுக்கு மிகச் சிறிய பங்குதான்.

4. இரண்டாம் படிவுத் தொட்டி. சேறு படிகிறது, தெளிந்த நீர் வெளியேறுகிறது. சேற்றின் பெரும்பகுதி திரும்ப ஏரேஷன் டேங்குக்கே போகும். மிகுதியை மட்டும் தினமும் வெளியே எடுப்பார்கள். அப்படி எடுக்கும் கசட்டோடுதான் கஸ்தூரியும் வெளியேறுகிறது.

வெளியேறும் நீரில் கடைசியாக மிஞ்சுவது பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமை ஒட்டியோ அதற்குக் கீழோதான். அறிக்கையில் 80 முதல் 90 சதவீதம் அகற்றம் என்று வருவது இதனால்தான். எண் பொய்யில்லை. ஆனால் படிவுத் தொட்டி சரியாக வேலை செய்யாமல் சேறு வழிந்து போகும் நாட்களில், பெருமழையில் நிலையம் திணறும் நாட்களில், அந்தச் சேற்றோடு கஸ்தூரியும் ஆற்றுக்குப் போகும்.

இவ்வளவு சிறிய அளவுகளை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி எடுக்க வருபவரின் கைசோப்பிலும் சட்டையிலும் அதே கேலக்ஸோலைடு இருக்கும். அதனால் இந்த ஆய்வுகளில் வாசனையில்லாத சோப்பு, சென்ட்டுக்குத் தடை, ஒவ்வொரு தொகுதிக்கும் வெற்று மாதிரி (கழிவுநீருக்குப் பதில் சுத்த நீரை வைத்து அதே முறையில் அளப்பது) என்று கட்டுப்பாடு வைப்பார்கள். வெற்று மாதிரி பற்றிப் பேச்சே இல்லாத ஆய்வின் எண்களை நான் நம்பமாட்டேன்.

நுண்ணுயிரி எதைத் தின்னும், எதை விடும்

பென்சைல் அசிட்டேட் ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த பொருள். அதை வெட்டும் நொதி ஏராளமான பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. லினலூலில் பிடிப்பதற்கு இரட்டைப் பிணைப்பும் ஆக்சிஜனும் உண்டு. இவை ஏரேஷன் டேங்கில் ஆற்றல் தரும் உணவு, அவ்வளவுதான்.

கேலக்ஸோலைடின் வளையங்களில் இரண்டு இடங்களில் ஒரு கார்பனின் நான்கு கைகளும் வேறு கார்பன்களையே பிடித்திருக்கின்றன. பாக்டீரியா வழக்கமாகச் சங்கிலியின் முனையில் ஆக்சிஜனைச் செருகி, இரண்டிரண்டு கார்பனாக வெட்டிக்கொண்டே போகும். இங்கே முனை கிடைக்காத நூல்கண்டு மாதிரி நிலைமை. ஆக்சிஜன் உள்ள வளையத்தில், அந்த ஆக்சிஜனை ஒட்டிய ஓர் இடத்தில்தான் முக்கியமாகத் தாக்க முடிகிறது. அங்கே ஆக்சிஜன் ஏறினால் கேலக்ஸோலைடு லாக்டோன் என்ற இன்னொரு பொருள் உருவாகிறது. சுத்திகரித்து வெளிவரும் நீரில் இந்த லாக்டோனை அளந்திருக்கிறார்கள். மூலப்பொருள் குறைந்ததை மட்டும் பார்த்து 'சிதைந்துவிட்டது' என்று எழுதினால், அதில் ஒரு பகுதி லாக்டோனாக வெளியே போவது கணக்கில் வராது.

இயற்கைப் பொருள் நல்லது, செயற்கைப் பொருள் கெட்டது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. லிமோனீன் முழுக்க இயற்கைதான். ஆனால் நீர்வாழ் உயிரினங்களுக்கு மிகவும் நச்சு என்று வகைப்படுத்தப்பட்டது. மறுபக்கம், தொழிற்சாலையில் செய்யும் பெரியவளையக் கஸ்தூரிகள், உதாரணமாகப் பென்டடெக்கனோலைடு, கொழுப்பு அமிலத்தை வளைத்து மூடியதுபோன்ற அமைப்பு கொண்டவை. எஸ்டர் பிணைப்பை நுண்ணுயிரி வெட்டியதும் வளையம் திறந்து சங்கிலியாகிவிடும், அப்புறம் வழக்கமான சாப்பாடுதான். எங்கிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு, எப்படி அமைந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு பொருள் எளிதில் மக்கும் என்று சொல்ல உலகம் முழுக்க ஏற்ற சோதனை ஓஇசிடி 301. அதில் 28 நாளுக்குள் கோட்பாட்டு ஆக்சிஜன் தேவையில் (பொருள் முழுக்க மக்கினால் செலவாகும் ஆக்சிஜனில்) 60 சதவீதத்தை எட்ட வேண்டும். ஆனால் வழக்கமான ஏரேஷன் டேங்கில் தண்ணீர் தங்குவது பெரும்பாலும் 6 முதல் 8 மணி நேரம். சேறு மட்டும் பல நாள் தங்கும். ஆக 28 நாளில் மக்கும் பொருள் எட்டு மணி நேரத்தில் மக்கிவிடும் என்று கொள்ள முடியாது. இந்த இடைவெளி கட்டுரையின் கடைசியில் மறுபடி வேலைக்கு வரும்.

கசடுக்குப் போனது எங்கே போகிறது

மேலே போட்ட கணக்கைக் கொஞ்சம் நீட்டுவோம். 5 மைக்ரோகிராமில் 40 சதவீதம், அதாவது 2 மைக்ரோகிராம் கரைந்திருந்தால், ஒரு கிலோ உலர்ந்த முதல்நிலைக் கசட்டில் 2-ஐ 4,900-ஆல் பெருக்கிய அளவு, சுமார் 10 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கசட்டில் நேரடியாக அளந்தவையும் கிலோவுக்குச் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம் வரைதான். தண்ணீரில் லிட்டருக்கு மைக்ரோகிராமாக இருந்தது கசட்டில் கிலோவுக்கு மில்லிகிராமாகிவிட்டது.

ஸ்லட்ஜ் என்று நிலையத்தில் சொல்லும் இந்தக் கசட்டைப் பல இடங்களில் காற்றில்லாத கலனில் செரிக்க வைத்து மீத்தேன் எடுப்பார்கள். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சூழலில் பலவளையக் கஸ்தூரி பெரிதாகச் சிதைவதில்லை. சாதாரணக் கரிமப் பொருள் மீத்தேனாகிப் போய்க் கசடு இளைப்பதால், மிச்சமிருப்பதில் கஸ்தூரியின் அடர்த்தி கூடவும் செய்யலாம். காற்றோட்டமாகக் குவித்து உரமாக்கினால் ஓரளவு குறைகிறது.

இதற்கப்புறம் நாட்டுக்கு நாடு பாதை பிரிகிறது. அமெரிக்காவில் கணிசமான கசடு வயலுக்கு உரமாகப் போகிறது. கசடு போட்ட அமெரிக்க வயல்களின் மண்புழுக்களில் கேலக்ஸோலைடும் டோனலைடும் இருந்ததை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுவிட்சர்லாந்து 2006 முதல் கழிவுநீர்க் கசட்டை வயலில் போடுவதைத் தடைசெய்து எரித்துவிடுகிறது. எரியுலையில் இந்த மூலக்கூறுகள் உண்மையாகவே அழிகின்றன. ஆக ஒரே 90 சதவீத அகற்றத்துக்கு ஒரு நாட்டில் மண்ணில் சேர்வது என்று பொருள், இன்னொரு நாட்டில் சாம்பலாவது என்று பொருள். கசடு எங்கே போனது என்று சொல்லாத அகற்ற சதவீதத்துக்குப் பாதி அர்த்தம்தான்.

ஆபத்து எவ்வளவு?

பயப்படவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம். மீனில் எவ்வளவு சேரும் என்று அளந்தபோது கேலக்ஸோலைடின் சேர்க்கைக் கெழு (சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல எத்தனை மடங்கு மீனில் சேர்கிறது என்ற எண்) 1,584 என்று வந்தது. உயிரினத்தில் சேரும் பொருள் என்று ஐரோப்பியச் சட்டம் முத்திரை குத்த 2,000-ஐத் தாண்ட வேண்டும். அதாவது கோட்டுக்குக் கீழே, ஆனால் வெகு தூரத்தில் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2014-இல் மதிப்பிட்டு, சூழலில் இருக்கும் அளவில் நீர்வாழ் உயிரினங்களுக்குக் கவலைப்படும்படி இல்லை என்றது.

இந்த மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரு பொருளைத் தனியாக எடுத்துப் பார்ப்பவை. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிஃபோர்னியாக் கடற்கரை மட்டிகளில் வேறொன்றைப் பார்த்தார்கள். செல்லுக்குள் நுழையும் அந்நியப் பொருட்களை வெளியே தள்ளும் புரத இறைப்பிகள் மட்டியின் செவுளில் உண்டு. நைட்ரோ கஸ்தூரிகளும் பலவளையக் கஸ்தூரிகளும் அந்த இறைப்பிகளை முடக்கின. கஸ்தூரியில்லாத நீருக்கு மாற்றிய பிறகும் முடக்கம் உடனே போய்விடவில்லை. கஸ்தூரி நேரடியாகக் கொல்லாவிட்டாலும், வேறு நச்சுகள் உள்ளே தங்க வழி திறந்துவிடக்கூடும் என்பது இதன் பொருள். ஆய்வகத்தில் பயன்படுத்திய செறிவு ஆற்றில் காண்பதைவிட அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் நூற்றுக்கணக்கான பொருட்கள் ஒன்றாகக் கலந்து ஓடும் சாக்கடைக்கு இந்தக் கேள்விதான் பொருத்தம் என்பது என் கருத்து.

நான்காம் கட்டம்: ஓசோன், கரி, ஆர்ஓ

ஐரோப்பிய விதி கேட்கும் கூடுதல் கட்டத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

1. ஓசோன். இரட்டைப் பிணைப்பு உள்ள லினலூல் போன்றவற்றை அது நொடியில் தாக்கும். கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்தையும் அப்படித்தான். கேலக்ஸோலைடோடு ஓசோன் மெதுவாகத்தான் வினைபுரிகிறது, டோனலைடோடு அதைவிட மெதுவாக. இவற்றை உடைப்பதில் ஓசோனிலிருந்து பிறக்கும், எதையும் வேகமாகத் தாக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்ற துணுக்குக்கே பெரும்பங்கு. தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற வேண்டாத பொருளும் உண்டாகும். கடல்நீர் கசிந்து சேரும் கரையோர ஊர்களின் கழிவுநீருக்கு இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

2. தூள்கரி. கிளர்வூட்டிய கரியை லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் அளவில் கலந்து, ஒட்டவைத்து, வடிகட்டுவது. தண்ணீரை வெறுக்கும் கஸ்தூரிக்குக் கரி நல்ல பொறி. இங்கேயும் மூலக்கூறு உடைவதில்லை. கரியோடு சேர்த்து எரித்தால்தான் வேலை முடிகிறது.

3. எதிர்ச் சவ்வூடு பரவல், நாம் ஆர்ஓ என்று சொல்வது. கேலக்ஸோலைடு அளவுள்ள மூலக்கூறைச் சவ்வு பெரும்பாலும் தடுத்துவிடும். தடுத்தது உப்போடு சேர்ந்து கழிவு அடர்நீரில் நிற்கும். மின்சாரச் செலவு அதிகம் என்பதால் குடிநீர் அளவுக்கோ தொழிற்சாலை அளவுக்கோ தரம் தேவைப்படும் இடங்களில்தான் இது வருகிறது.

சுவிட்சர்லாந்து இதில் முன்னால் போய்விட்டது. சூரிச் அருகே டூபென்டோர்ஃபில் இருக்கும் நொய்குட் நிலையத்தில் 2014-இல் முழு அளவு ஓசோன் கட்டம் ஓடத் தொடங்கியது. 2016 முதல் நுண்மாசு (நீரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் இத்தகைய வேதிப்பொருட்கள்) அகற்றுவதற்கென்று ஆளுக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வசூலித்து மற்ற நிலையங்களையும் மேம்படுத்துகிறார்கள். அங்கே பணம் வருவது வீட்டுக்காரரிடமிருந்து. ஐரோப்பிய ஒன்றியம் அதே பணத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்கிறது. மோதல் அங்கேதான் வந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி

2017-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வகுத்த தர அளவில் பிஎச், பிஓடி (கரிமக் கழிவை மக்கவைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), மிதக்கும் திடப்பொருள், மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கின்றன. வாசனைப் பொருளோ வேறு நுண்மாசோ இல்லை. சோதிக்கக் கேட்காததை நிலையம் சோதிக்காது.

சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் இரண்டு இடங்களிலும் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வரை கழிவுநீரை மூன்றாம் கட்டமாக ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். நுண்மாசுக்காகக் கட்டியதல்ல, தண்ணீர்ப் பற்றாக்குறைக்காகக் கட்டியது. ஆனாலும் அந்தப் பாதையில் போகும் நீரில் கஸ்தூரி பெரிய அளவில் குறைந்துவிடும். கசடும் அடர்நீரும் எங்கே போகின்றன என்ற கேள்வி அங்கேயும் நிற்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்கள். அங்கே கழிப்பறைத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகும்; துணி துவைத்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் பெரும்பாலும் தெருவோரக் கால்வாய்க்குப் போகும். வாசனைப் பொருளின் பெரும்பங்கு இருப்பது இந்த இரண்டாவது தண்ணீரில்தான். செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி, மலக்கசடு நிலையத்துக்குக் கொண்டுபோய் முறையாகச் சுத்திகரித்தாலும், ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்ட தண்ணீர் அதில் சேரவே சேராது. அது கால்வாய் வழியாக ஏரிக்கோ ஆற்றுக்கோ போய், அடியில் இருக்கும் வண்டலில் ஒட்டிக்கொள்ளும். நிலையத்தில் எத்தனை சதவீதம் அகற்றுகிறோம் என்று விவாதிப்பதற்கு முன்னால், எத்தனை வீட்டுத் துவைத்த தண்ணீர் நிலையத்தை எட்டுகிறது என்று கேட்க வேண்டிய நிலை நம்முடையது. அளக்க வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரைவிட ஏரி வண்டலிலும் நிலையத்துக் கசட்டிலும் தொடங்குவதே சரி. மூலக்கூறு போய்ச் சேரும் இடம் அதுதான்.

சரி, அழகுசாதனக் கம்பெனி ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஐரோப்பிய விதியின்படி ஒன்றரை லட்சம் பேருக்கு ஈடான சுமையும் அதற்கு மேலும் தாங்கும் நிலையங்கள் 2045-க்குள் நான்காம் கட்டத்தை முடிக்க வேண்டும். நுண்மாசு 80 சதவீதம் குறைய வேண்டும். அந்த 80 சதவீதத்தைச் சரிபார்க்கத் தேர்ந்தெடுத்த சுட்டிப் பொருட்கள் மருந்துகளும், உலோக அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் வகைகளும்தான். வாசனைப் பொருள் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. 'எங்கள் பொருளை அளக்கவே இல்லை, எங்களிடம் எப்படிக் காசு கேட்கிறீர்கள்' என்று அழகுசாதனத் துறை வாதாடுவதற்கு இது இடம் கொடுக்கிறது. நச்சுச் சுமையில் தங்கள் பங்கை ஐரோப்பிய ஆணையம் மிகையாகக் கணக்கிட்டது என்றும் அந்தத் துறை சொல்கிறது. மருந்துத் துறையும் அழகுசாதனத் துறையும் 2025-இல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போயின.

பட்டியலில் வாசனைப் பொருள் இல்லாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இரண்டாம் கட்டத்தைத் தாண்டித் தண்ணீரிலேயே நிற்கும் பொருளைத்தான் நான்காம் கட்டத்துக்குச் சுட்டியாக வைக்க முடியும். கேலக்ஸோலைடின் பெரும்பகுதி அதற்குள் கசட்டில் உட்கார்ந்துவிடுகிறது. ஓசோனோடு வேகமாக வினைபுரியும் வலிப்பு மருந்து 80 சதவீதம் குறைந்தது என்பதை வைத்து, மெதுவாக வினைபுரியும் கஸ்தூரியும் அந்த அளவு குறைந்தது என்று சொல்ல முடியாது. தொழில்துறையின் புகாரில் இந்தப் பகுதி நியாயமானது. ஆனால் அதன் முடிவு அவர்கள் சொல்வதுபோல 'எங்களை விட்டுவிடுங்கள்' என்பதாக இருக்க முடியாது; கசட்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும்.

இந்த விதியில் எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள விலக்கு. கழிவுநீரில் வேகமாக மக்கிவிடும் பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் தயாரிப்பாளர் அவற்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டாம். லினலூலுக்கும் கேலக்ஸோலைடுக்கும் உள்ள வித்தியாசம் முதன்முறையாகப் பணமாகிறது. இதுவரை பெரியவளையக் கஸ்தூரிக்கு எதிராக நின்றது விலைதான். கேலக்ஸோலைடின் மலிவு விலையில் கசடு எரிக்கும் செலவும் ஓசோன் செலவும் சேர்ந்ததில்லை. சேர்ந்தால் கணக்கு மாறும். இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி இருக்கிறது: வாசனையை அடைத்துத் துணியில் ஒட்டவைக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உறைகளுக்கு ஐரோப்பாவின் மைக்ரோபிளாஸ்டிக் தடை 2029 அக்டோபர் வரைதான் அவகாசம் தந்திருக்கிறது.

'வேகமாக மக்கும்' என்பதற்கு விரிவான அளவுகோலை ஆணையம் தனியாக வகுக்க வேண்டும். 28 நாள் சோதனையில் தேறினாலே போதும் என்று வைத்தால், ஏரேஷன் டேங்கில் எட்டு மணி நேரத்தில் மக்காத பொருட்களும் கட்டணமில்லாமல் நுழைந்துவிடும். நிலையத்தில் தங்கும் நேரத்தையும், சேற்றில் ஒட்டிய பகுதி என்ன ஆகிறது என்பதையும், லாக்டோன் போன்ற இடைப்பொருட்களையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல் வந்தால்தான் வாசனைக் கம்பெனிகள் மூலக்கூறையே மாற்ற வேண்டிவரும்.